அனலாக் சுற்றை மென்பொருளில் மாற்றலாம்: மூன்று வழிகளில் எது?

ஃபில்டர் ஒன்றைப் பலகையில் கட்டி முடித்து, ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் வெட்டு அதிர்வெண் (ஃபில்டர் சிக்னலைத் தடுக்கத் தொடங்கும் எல்லை) தள்ளிப்போயிருக்கும். ரெசிஸ்டரைக் கழற்று, வேறொன்றைப் பற்றவை, மறுபடி அள. இந்தப் பாட்டைப் பட்டவர்களுக்குத்தான் எஃப்.பி.ஏ.ஏ.வின் (FPAA) அருமை தெரியும்: உள்ளிருக்கும் அனலாக் சுற்றை மென்பொருளாலேயே மாற்றக்கூடிய சிப் அது. டிஜிட்டல் சுற்றை அப்படி மாற்றவிடும் எஃப்.பி.ஜி.ஏ. (FPGA) சிப்புக்கு அனலாக் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் எட்மண்ட் லீயும் கிளென் குலாக்கும் 1991-இல் இதற்கொரு சிமாஸ் (வழக்கமான சிப் தயாரிப்பு முறை) வடிவம் காட்டினார்கள்.

சிக்னலை வெட்டாமல் அப்படியே ஓடவிடுவது ஒரு வழி. லாட்டிஸ் நிறுவனத்தின் ஐஎஸ்பி-பேக்10 சிப் இந்த வகை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சிலிக்கானில் செய்த ரெசிஸ்டர், கெப்பாசிட்டரின் மதிப்பு சிப்புக்குச் சிப் கணிசமாக விலகும். சிக்னல் பாதையிலுள்ள சுவிட்சுகளும் தங்கள் பங்குக்குத் தடை சேர்க்கும். இந்தச் சிப் இப்போது தயாரிப்பில் இல்லை.

இரண்டாவது, சுவிட்ச்டு கெப்பாசிட்டர். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது. ஒரு கெப்பாசிட்டரைக் கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப இங்கும் அங்கும் மாற்றி இணைத்தால் அது ரெசிஸ்டர்போல நடந்துகொள்ளும். 1 பிகோஃபாரடை நொடிக்கு 1,00,000 முறை மாற்றினால் 10 மெகாஓம்! ஃபில்டரின் அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது கடிகாரமும் கெப்பாசிட்டர்களின் விகிதமும்தான். ஒரே சிப்புக்குள் விகிதம் அவ்வளவாகத் தவறாது. கடிகாரத்தை இரட்டித்தால் அதிர்வெண்ணும் இரட்டிக்கும். அனாடைம் நிறுவனத்தின் ஏஎன்231இ04 சிப் இப்படித்தான் வேலை செய்கிறது; ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சுற்றை மாற்றிவிடலாம். சைப்ரஸ் நிறுவனம் கொண்டுவந்த பிசாக்1 சிப்பில், முதல் வழி, இந்த வழி என இரண்டு வகை அனலாக் தொகுதிகளும் உண்டு.

இதற்கு விலையும் உண்டு. வெளியீட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வழவழப்பான சைன் அலை இருக்காது, குட்டிக் குட்டிப் படிக்கட்டுகள் தெரியும். உள்ளே போகும் சிக்னலுக்கும் முன்கூட்டியே ஒரு ஃபில்டர் வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கடிகாரத்தின் பாதி அதிர்வெண்ணுக்கு மேலுள்ள இரைச்சல் மடங்கி உள்ளே வந்துவிடும்.

அப்புறம், ஜார்ஜியா டெக்கில் பால் ஹாஸ்லர் குழு வளர்த்த மிதக்கும் கேட் வழி. ஃபிளாஷ் நினைவகம்போலக் காப்பிட்ட கேட்டில் (டிரான்சிஸ்டரைக் கட்டுப்படுத்தும் முனை) மின்னூட்டத்தை அடைத்துவைக்கிறார்கள். மின்சாரம் போனாலும் அது அங்கேயே இருக்கும். சுவிட்சை அரைகுறையாகத் திறந்துவைத்து, சிக்னலில் எவ்வளவு பங்கு கடக்கலாம் என்று தீர்மானிக்கவும் முடியும் என்பதால், கம்பி இணைப்பே பெருக்கல் கணக்குப் போடுகிறது. மின்செலவு மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு கேட்டையும் அளந்து அளந்து நிரப்ப வேண்டும். வெப்பநிலைக்கும் ஈடுகட்ட வேண்டும்.

சென்சார் சிக்னலைச் சீராக்க, கற்றுக்கொள்ள, நான் சுவிட்ச்டு கெப்பாசிட்டரையே எடுப்பேன். சின்ன பேட்டரியில் நாள் முழுக்க ஒலியைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய கருவி என்றால், மிதக்கும் கேட்தான்.