மிஞ்சிய நூலில் குரோஷே கிண்ணங்கள்: எந்த நூல் நிமிர்ந்து நிற்கிறது?

போர்வையோ சால்வையோ தொப்பியோ, எதைப் பின்னி முடித்தாலும் பையின் அடியில் 20 கிராம், 30 கிராம் என்று நூல் உருண்டைகள் மிஞ்சிவிடுகின்றன. அவற்றைத் தூக்கி எறிய மனம் வருவதில்லை. தனியாக ஒரு துணி பின்னவும் அவை போதுவதில்லை. அவற்றைக் கொண்டு குரோஷேயில் (கொக்கி முனையுள்ள ஒற்றை ஊசியால் பின்னும் முறை) சிறு கிண்ணங்கள் பின்னலாம் என்று தொடங்கி, வெவ்வேறு நூல்களில் ஏழு கிண்ணங்களை முடித்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளை வைத்தே எடைபோட்டேன்: வெறுமையாக வைத்தால் சுவர் நிமிர்ந்து நிற்கிறதா, பொத்தான்களும் சாவிகளும் இட்டு நிரப்பினால் வாய் விரிந்து போகிறதா, ஒருமுறை அலசி உலர்த்திய பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்புகிறதா.

நூல்களை ஒப்பிட வேண்டும் என்பதால் எல்லாக் கிண்ணங்களுக்கும் ஒரே அடித்தளத்தை வைத்துக்கொண்டேன். மேஜிக் ரிங்கில், அதாவது இழுத்து இறுக்கக்கூடிய தொடக்க வளையத்தில், 6 சிங்கிள் குரோஷே என்ற குட்டையான அடிப்படைக் கண்ணிகள் (பிரிட்டன் முறையில் எழுதப்பட்ட குறிப்புகளில் இதையே டபுள் குரோஷே என்பார்கள்), பிறகு சுற்றுக்கு 6 கண்ணிகள் வீதம் கூட்டி 12, 18, 24 என்று எட்டாவது சுற்றில் 48. ஏன் ஆறு என்று பலரும் கேட்பதில்லை. ஆனால் கிண்ணம் பின்னுபவருக்கு அந்தக் காரணம் மிகவும் பயன்படும். சிங்கிள் குரோஷே கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழ ஒன்றே. வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி உயரம் கூடினால் சுற்றளவு 2π மடங்கு, அதாவது சுமார் 6.28 கண்ணி அகலம் கூட வேண்டும். அதனால்தான் ஆறு கூட்டினால் தட்டையாக அமைகிறது, குறைத்தால் குழிகிறது, அதிகமாக்கினால் ஓரம் அலையலையாகச் சுருங்குகிறது. லாட்வியாவைச் சேர்ந்த கணிதவியலாளர் டைனா தைமினா 1997ஆம் ஆண்டு கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, கண்ணிகளை ஒரே விகிதத்தில் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போவதன் மூலம் ஹைப்பர்போலிக் தளத்தை, அதாவது விளிம்பை நோக்கிப் போகப் போக விரிந்து அலையலையாக மடியும் பரப்பை, குரோஷேயில் உருவாக்கிக் காட்டினார். என் மூன்றாவது கிண்ணத்தில் எண்ணிக்கை தவறி ஒவ்வொரு சுற்றிலும் 8 கூட்டியபோது கையில் வந்தது அந்தப் பரப்பின் சிறு உறவுதான் என்று பின்னர் புரிந்தது. அதைப் பிரித்துவிட்டேன் என்றாலும், வளைவைக் கட்டுப்படுத்துவது நூல் அல்ல, எண்ணிக்கைதான் என்பதை அது உறுதியாகக் கற்றுக்கொடுத்தது.

இன்னொரு நுட்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூட்டும் இடங்கள் சுற்றுக்குச் சுற்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் அடித்தளம் வட்டமாக இல்லாமல் அறுகோணமாகிவிடும். அவற்றைச் சற்றுத் தள்ளித் தள்ளிப் போட வேண்டும். சுவர் எழும்பும் முதல் சுற்றில், கண்ணியின் மேலே தெரியும் இரண்டு இழைகளில் பின்னிழையை மட்டும் எடுத்துப் பின்னினால் அடித்தளத்துக்கும் சுவருக்கும் இடையே கூர்மையான மடிப்பு விழுகிறது. இந்த ஒரு சுற்றை விட்டுவிட்ட கிண்ணம் மேசையில் ஆடியது.

இனி நூல்கள். முதலிடம் பருத்திக்கே. டி.கே. என்ற நடுத்தரத்துக்குச் சற்று மெல்லிய தடிமனில் இரண்டு இழைகளைச் சேர்த்து 5 மி.மீ. ஊசியில் பின்னிய கிண்ணம், 12 செ.மீ. அகலமும் ஏழரை செ.மீ. உயரமுமாக, எந்தப் பசையும் இல்லாமல் நிமிர்ந்து நின்றது. பருத்தி இழைக்கு நீட்சி குறைவு. அதனால் பாரம் ஏற்றினாலும் வாய் விரியவில்லை. அலசிய பிறகு, ஈரத்திலேயே ஒரு தம்ளரின் மேல் கவிழ்த்து உலரவிட்டேன். முன்பைவிடச் செப்பமாகவே அமைந்தது. இதில் குறை உண்டு. நீட்சி இல்லாத நூலை இறுக்கமாகப் பின்னும்போது விரல்களும் மணிக்கட்டும் சோர்ந்துவிடுகின்றன. ஒரே அமர்வில் முடிக்க முயலாமல், நான்கைந்து சுற்றுக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைப்பது அவசியம்.

அக்ரிலிக்கில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன், ஏனெனில் பெரும்பாலானோர் பையில் மிஞ்சுவது அதுவே. அதே அளவு, அதே ஊசி. ஆனால் சுவர் துவண்டது, சாவிகளை இட்டதும் வாய் பூவாய் விரிந்தது. ஆவி இஸ்திரி கொடுத்தால் விறைக்கும் என்று நம்பி ஒன்றைக் கெடுத்துக்கொண்டேன்: வெப்பம் பட்டால் அக்ரிலிக் தன் துள்ளலை இழந்து நிரந்தரமாகக் குழைந்துவிடும், அதற்கு மாற்று இல்லை. சால்வைக்கு அது வரம்; கிண்ணத்துக்குக் கேடு. பிறகு ஊசியை 4 மி.மீ. ஆகக் குறைத்தேன், சுவர் ஓரளவு நின்றது, கை வலித்தது. கடைசியில் காப்பாற்றியது வெயிஸ்ட்கோட் ஸ்டிச். கீழ்க்கண்ணியின் மேலிழைகளுக்குள் ஊசியை விடாமல், அதன் உடலில் தெரியும் ‘வி’ வடிவத்தின் நடுவில் விட்டுப் பின்னுவதே அந்த முறை. பார்ப்பதற்கு நிட்டிங் போலத் தோன்றும் இந்தப் பின்னலில் துணி அடர்ந்து, நீட்சி மிகவும் குறைகிறது. கையைத் தளர்வாக வைத்துப் பின்ன வேண்டும், இல்லையேல் அடுத்த சுற்றில் ஊசி நுழையாது. அக்ரிலிக் இயல்பாகவே இழுத்துக் கொடுக்கும் நூல் என்பதால் இந்த முறை பருத்தியைவிட அதற்கே பொருந்துகிறது. அடித்தளத்தைச் சாதாரண சிங்கிள் குரோஷேயிலும் சுவரை வெயிஸ்ட்கோட் ஸ்டிச்சிலும் பின்னிய அந்தக் கிண்ணத்தைப் பருத்திக் கிண்ணத்துக்கு அருகில் தயங்காமல் வைப்பேன்.

கம்பளி முற்றிலும் வேறு அனுபவம். இங்கே இறுக்கமாகப் பின்னத் தேவையே இல்லை. பெரிய ஊசியில் தளர்வாக, வேண்டிய அளவைவிடப் பெரிதாகப் பின்னி, வெந்நீரும் சோப்பும் சேர்த்துக் கசக்கினால் இழைகளின் மேலுள்ள நுண்செதில்கள் ஒன்றோடொன்று பிணைந்து துணி ‘ஃபெல்ட்’ ஆக, அதாவது அடர்ந்த கெட்டித் துணியாக, மாறிவிடுகிறது. 16 செ.மீ. அகலத்தில் பின்னியது 12 செ.மீ. ஆகச் சுருங்கியது, கண்ணிகள் மறைந்து, ஒரே பாளமாக உறுதிப்பட்டது. ஈரமாக இருக்கும்போது கையால் எந்த வடிவத்துக்கும் கொண்டுவரலாம் என்பது பெரிய இன்பம். ஆனால் லேபிளில் ‘சூப்பர்வாஷ்’ என்று இருந்தால் அந்த நூல் ஃபெல்ட் ஆகாது, செதில்கள் பிணையாதபடி அது பதப்படுத்தப்பட்டிருக்கும். லேபிள் தொலைந்துபோன மிச்சங்களில் இதுவே சிக்கல். ஆகவே முதலில் ஒரு சிறு சதுரம் பின்னி வெந்நீரில் கசக்கிப் பார்த்துவிட்டே கிண்ணத்தைத் தொடங்க வேண்டும். சூப்பர்வாஷ் நூலையும் சாதாரணக் கம்பளியையும் கலந்து பின்னிய என் கிண்ணம், ஒரு வளையம் சுருங்கி மறு வளையம் சுருங்காமல் இடுப்பு ஒடுங்கிய குடம் போலாயிற்று.

வெல்வெட் போன்ற செனில் நூலை இந்த வேலைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணிகள் கண்ணுக்குத் தெரியாது, பிரித்தால் இழை உதிரும். சணல் நன்றாக நிற்கிறது, விரலை உராய்கிறது.

பசை, கஞ்சி, சர்க்கரைப் பாகு ஆகியவற்றையும் பார்த்தேன். கஞ்சி பருத்திக்கு நல்ல துணை, அலசினால் போய்விடும், மீண்டும் போடலாம். சர்க்கரைப் பாகு ஈரக்காற்றில் பிசுபிசுக்கிறது. நீர் கலந்த வெள்ளைப் பசை கல்போல் இறுகுகிறது, ஆனால் நூலின் தொடுகை முழுவதும் போய்விடுகிறது. அதை இழந்தபின் நூல் கிண்ணம் எதற்கு என்று எனக்குத் தோன்றியது.

மிச்சத்தைத் திட்டமிட ஒரு சிறு தராசு போதும். கூட்டல் நின்று சுவர் தொடங்கிய பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு நூல்தான் செலவாகும். பருத்திக் கிண்ணத்தில் ஒரு சுற்றுக்குச் சுமார் 4 கிராம் ஆயிற்று. 14 கிராம் உருண்டை மூன்று சுற்றுக்கு வரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. மிகச் சிறிய மிச்சங்களை அடித்தளத்தின் நடுவே இடுங்கள். முதல் மூன்று சுற்றுகளுக்கும் சேர்த்து 36 கண்ணிகளே ஆகும். நிறம் மாற்றும்போது பழைய நிறத்தின் கடைசிக் கண்ணியை முடிக்கும் இழுப்பையே புதிய நிறத்தால் இழுத்து, அடுத்த கண்ணியை ஸ்லிப் ஸ்டிச்சாக (உயரமே சேர்க்காத மிகக் குட்டையான கண்ணி) போட்டால், தொடர்ந்து சுழன்று செல்லும் பின்னலில் விழும் படிக்கட்டுத் தடம் பெரிதும் மறைகிறது. வெட்டிய நூலின் வால் நுனிகளை மேலே வைத்து அவற்றின் மீதே பின்னிச் சென்றால் ஒளிக்கும் வேலை மிச்சம், சுவரும் சற்றுத் தடிக்கிறது.

இப்போது பருத்தியில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று கிண்ணங்களைப் பின்னியிருக்கிறேன்: அடித்தளம் 36, 48, 60 கண்ணிகளில் நின்றவை, சுமார் 9, 12, 15 செ.மீ. அகலம். பெரியதற்குச் சுற்றுக்கு 5 கிராம் ஆனதால் நீல நூல் இரண்டு சுற்றுக்கு முன்பே தீர்ந்தது. வாய் ஓரத்தை மஞ்சளில் முடித்தேன், மற்ற இரண்டையும் பிரித்து அவற்றின் ஓரத்தையும் மஞ்சளாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.