"இடமும் நாங்களே பார்த்துத் தர்றோம்" என்று சிப்பிக் கூண்டு விற்பவர்களிடம் உஷார்!

நாலேகால் லட்சம். முழுசாகப் போச்சு. ஆற அமர எழுதினால் பாதியை மென்று முழுங்கிவிடுவேன், அதனால் சூட்டோடு எழுதுகிறேன்.

சிப்பி வளர்ப்புச் சாமான்களை இணையத்தில் விற்கும் ஒரு கடை. பெயர் வேண்டாம். இந்த மாதிரிக் கடைகள் எல்லாவற்றுக்கும் வசனம் ஒன்றுதான்: இடத் தேர்வு, மிதவைக் கூண்டு, கயிறு, நங்கூரம், வளர்க்க விடும் சிப்பிக் குஞ்சு, எல்லாம் ஒரே பேக்கேஜ்.

நம்ப வைத்தது ரிஃப்ராக்டோமீட்டர், அதாவது தண்ணீரின் உப்பை அளக்கும் கருவி. வந்த ஆள் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மூடியைக் கவிழ்த்து, "நீங்களே பாருங்க சார்" என்று கையில் கொடுத்தார். நீலமும் வெள்ளையும் பிரிகிற கோடு 24-இல் நின்றது. 24 பிபிடி (ஆயிரம் பங்கு தண்ணீரில் 24 பங்கு உப்பு) சிப்பிக்கு நல்ல உப்புதான். கழியை இறக்கி ஆழமும் பார்த்தார், ஆறடி. அன்றைக்கே நாலேகால் லட்சமும் கை மாறியது.

அவர் அளந்தது கடல் ஏற்றத்தின் உச்சத்தில். கழிமுகத்தில் அந்த நேரம் அளந்தால் கடல் தண்ணீர் உள்ளே ஏறி உப்பு கூடுதலாகத்தான் காட்டும். கடல் இறங்கும் வற்றத்தில்தான் ஆற்றுத் தண்ணீர் தலைகாட்டும். மழைக்குப் பிறகு நன்னீர், எடை குறைவு என்பதால் மேலாகப் படர்ந்து நிற்கும்; மிதவைக் கூண்டு தொங்குவதே அந்த மேல்தண்ணீரில். அடியில் 24 இருந்து யாருக்கு லாபம்? உப்பு குறைந்தால் சிப்பி ஓட்டை இறுக மூடிக்கொண்டு சில நாள் தாக்குப்பிடிக்கும், தண்ணீர் சூடாக இருந்தால் அதுவும் முடியாது. ஆழமும் இதே லட்சணம். கடல் ரொம்ப இறங்கும் அமாவாசை வற்றத்தில் இரண்டடிகூட இல்லை. கூண்டு சேற்றில் உட்கார்ந்து, உள்ளே சிப்பி போட்டிருக்கும் வலைப் பைகளில் அடிவரிசை சகதியில் புதைந்தது. தரையில் படாமல் வளர்க்கத்தானே இவ்வளவு செலவும்!

சாமான் அதைவிட மோசம். 6 மி.மீ. சல்லடையில் நிற்கும் குஞ்சுக்கு 4 மி.மீ. கண்ணிப் பை வேண்டும். வந்தது 9 மி.மீ. பை. குஞ்சு அப்படியே வெளியே. மிதவைக் குழாயின் மூடியில் ரப்பர் வாஷரே இல்லை. ஒரு பக்கம் தண்ணீர் ஏறிக் கூண்டு சாய்ந்தால் சிப்பியெல்லாம் ஒரு மூலையில் குவிந்து, அடியில் கிடப்பவை தீனி இல்லாமல் சிறுத்துப்போகும். கொட்டலசும் (கூண்டில் ஒட்டி வளரும் ஓட்டுப் பூச்சி) பாசியும் ஒட்டாமலிருக்க வாரம் ஒருமுறை கூண்டைக் கவிழ்த்து ஒரு நாள் வெயிலில் காய விட வேண்டும். தண்ணீர் ஏறிய மிதவை கூண்டைத் தூக்கியே பிடிக்காது, எங்கே காய்வது? கம்பிக்குப் பிளாஸ்டிக் பூச்சு உண்டு, வெட்டிய முனைகளில் இல்லை. துரு அங்கிருந்துதான் உள்ளே நுழைந்தது.

நங்கூரம் என்று வந்தவை சிமெண்ட் கட்டைகள். கரையில் 100 கிலோ காட்டுகிற கட்டை கடலுக்குள் 60 கிலோகூடத் தேறாது. காற்று கிளம்பியதும் சேற்றில் இழுபட்டுப் போனது. அந்த மண்ணுக்குத் திருகி இறக்கும் நங்கூரம்தான் சரி.

கேட்டால்? முதலில் "போட்டோ அனுப்புங்க சார்". அனுப்பியாச்சு. அடுத்து "வீடியோ வேணும்". அதுவும் ஆச்சு. பிறகு "டெக்னிக்கல் டீம் பார்க்குறாங்க". கடைசியில் "தண்ணீரில் இறக்கின பொருளுக்கு வாரண்டி கிடையாது". கடலில் இறக்கத்தானே ஐயா கூண்டு வாங்குவது! இடத்தைப் பற்றிக் கேட்டதற்கு "அது ஃப்ரீ சர்வீஸ், அதுக்கு நாங்க பொறுப்பில்லை" என்று பதில். நாலேகால் லட்சத்தில் ஒரு பைசா திரும்பவில்லை. இப்போது போனையே எடுப்பதில்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போதைக்குக் கை ஓடவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்:

ஆழத்தை அமாவாசை, பௌர்ணமி வற்றத்தில் அளக்கணும். கூண்டுக்கு அடியில் அப்போதும் ஒரு அடியாவது தண்ணீர் நிற்கணும்.

உப்பை மழைக்கு அடுத்த நாட்களில், மேல்தண்ணீரில் எடுங்கள்.

சாக்கடை கலக்கிற இடமா, அங்கே அறுவடைக்கு அனுமதி உண்டா என்று அரசு அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். விற்பவர் வாய்ச்சொல் போதாது.

மிதவையை ஒரு ராத்திரி தண்ணீருக்குள் அமுக்கி வைத்து, எடுத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் திருப்பி அனுப்புங்கள்.

குஞ்சுக்குப் பணம் கடைசியில். காலிக் கூண்டு ஒரு பெரிய காற்றையும் ஒரு அமாவாசை வற்றத்தையும் தாண்டி நிற்கிறதா என்று பார்த்த பிறகு கொடுங்கள்.