தி வயர்: எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காத கேங் தொடர்

கேங் தொடர்களில் எதைப் பார்க்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது தி வயர். அமெரிக்க சேனலான எச்பிஓவில் 2002 முதல் 2008 வரை வந்தது. ஐந்து சீசன், 60 எபிசோடு. பால்டிமோர் நகரத்துப் போதைப்பொருள் கும்பல்களும் அவர்கள் பின்னால் அலையும் போலீஸும்தான் கதை. உருவாக்கிய டேவிட் சைமன் அந்த ஊர்ப் பத்திரிகையில் கிரைம் நிருபராக இருந்தவர். கூட எழுதிய எட் பர்ன்ஸ் அங்கேயே துப்பறியும் போலீஸ்காரர், அப்புறம் பள்ளி ஆசிரியர்.

முதல் மூன்று நாலு எபிசோடு இழுவையாகத்தான் இருக்கும். பின்னணி இசை கிட்டத்தட்ட கிடையாது, பெயர்களும் மனசில் நிற்காது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சீசனில் கும்பல் ஆட்கள், கூப்பிட வேண்டிய தொலைபேசி எண்ணைப் பேஜரில் மாற்றி அனுப்புவார்கள். கீபேடில் 5ஐத் தாண்டி எதிரே இருக்கும் எண்: 1க்கு 9, 2க்கு 8, 5க்கு மட்டும் 0. இதைக் கண்டுபிடித்தும் போலீஸின் பாடு தீராது. பொதுத் தொலைபேசியில் பேசுவது தேடும் ஆள்தான் என்று மொட்டை மாடியிலிருந்து ஒருவர் பார்த்துச் சொன்னால்தான் ஒட்டுக்கேட்கலாம். இப்போது இந்தக் காட்சிகளுக்காகவே திரும்பப் போடுகிறேன். யார் சாவார் என்று தெரிந்துவிட்டால் சண்டைக் காட்சியின் படபடப்பு அடங்கிவிடுகிறது. இந்த வேலை நடக்கும் விதம் மட்டும் அலுப்பதே இல்லை.

பிரிட்டிஷ் கேங் தொடரான பீக்கி பிளைண்டர்ஸும் எனக்குப் பிடிக்கும். அதன் நாயகன் சிலியன் மர்ஃபி தொப்பியோடு நடந்து வந்தாலே போதும். அதில் 1919இல் சுட்டுக் கொல்லப்படும் எதிர்க் கும்பல் தலைவன் பில்லி கிம்பர், நிஜத்தில் 1945 வரை வாழ்ந்தவர். கதைக்காக மாற்றியதில் எனக்குக் குறையில்லை. இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் ஸ்டைலைத் தாண்டிப் பிடித்துக்கொள்ள அதிகம் கிடைக்கவில்லை.

சரி, தி வயரில் மசாலாவே இல்லையா? போதைப்பொருள் கும்பல்களிடமே கொள்ளையடிக்கும் ஓமர் இருக்கிறாரே! ஐந்தாம் சீசனில் அவர் மாடியிலிருந்து குதித்துத் தப்புவது அப்பட்டமான சினிமா போலத் தெரியும். ஆனால் அந்தப் பாத்திரத்துக்கு மாதிரியாக இருந்தவர்களில் ஒருவரான டானி ஆண்ட்ரூஸ் நிஜத்தில் குதித்தது அதைவிட உயரத்திலிருந்து. உள்ளபடி காட்டினால் நம்ப மாட்டார்கள் என்று தொடரில்தான் உயரத்தைக் குறைத்தார்கள். எனக்கு ஒட்டாதது அதே சீசனில் துப்பறியும் போலீஸ்காரர் மக்நல்டி, இல்லாத தொடர் கொலைகாரனை ஜோடிக்கும் கதை. நாலு சீசனாகச் சேர்த்த நம்பகம் அங்கே ஆட்டம் காண்கிறது.

ஒரே ஒரு சீசனுக்குத்தான் நேரம் என்பவர்கள்கூட நாலாவதை எடுத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்துப் பையன்கள் நாலு பேரைப் போதைப்பொருள் விற்கும் தெருமுனை எப்படி இழுக்கிறது என்று காட்டும் சீசன் அது. பர்ன்ஸ் வகுப்பறையில் நின்றவர் என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரியும்.