எஸ்.ஏ.டி.: சூப்பர்ஸ்கோரா, ஒரே நாள் மதிப்பெண்ணா?

அமெரிக்காவில் பதினோராம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி வந்தே தீரும். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் ஒரே நாளில் வாங்கும் மொத்த மதிப்பெண்ணை நம்பிப் படிப்பதா, வெவ்வேறு தேதிகளில் எழுதி, ஒவ்வொரு பிரிவிலும் கிடைத்த உச்ச மதிப்பெண்ணைக் கூட்டும் சூப்பர்ஸ்கோரை நம்புவதா? எங்கள் மகளுக்கு இரண்டாவதைத்தான் எடுத்தோம். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

கணக்கு எளிது. முதல் முறை வாசிப்பு-எழுத்தில் 730, கணிதத்தில் 660 என்றால் மொத்தம் 1390. அடுத்த முறை 690, 750 என்றால் 1440. சூப்பர்ஸ்கோர் பார்க்கும் கல்லூரிக்கு அதே பிள்ளை 1480. இது எல்லோரும் சொல்வதுதான். எனக்குப் பெரிதாகப் பட்டது பிள்ளையின் நேரம்.

முழுத் தேர்வு 2 மணி 14 நிமிடம். கணிதம் மட்டும் என்றால் 35 நிமிடத்துக்கு 22 கேள்விகள் வீதம் இரண்டு மாட்யூல் (பகுதி). வாசிப்பு ஒருமுறை நன்றாக வந்துவிட்டால், அதைத் தினமும் போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை. பள்ளி வேலை முடிந்ததும் ஒரே ஒரு மாட்யூல் போடுவாள். தப்பானவற்றை மட்டும் நோட்டில் மறுபடி போட்டுப் பார்ப்பாள். தேர்வுத் திரையிலேயே இருக்கும் டெஸ்மாஸ் கால்குலேட்டரில் வரைபடம் போட்டால் சட்டென்று முடிகிற இருபடிச் சமன்பாடுகளைக் கையால் தீர்த்து நேரத்தை இழக்கிறாள் என்பது அப்படி உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. முதல் மாட்யூலில் எப்படிச் செய்கிறோம் என்பதை வைத்துத்தான் இரண்டாவது கடினமாகவோ எளிதாகவோ வரும். ஆகவே அந்த நிமிடங்கள் விலை மதிப்பானவை. மே மாதம் ஏ.பி. (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடங்களின்) தேர்வுகள் வேறு. ஒரே நாள் வழியில் இந்தச் சௌகரியமே கிடையாது. கணிதத்தை ஏற்றும்போது வாசிப்பு இறங்காமலும் காவல் காக்க வேண்டும்.

அதற்காக மற்றப் பிரிவை அடியோடு கைவிடவும் கூடாது. எஸ்.ஏ.டி.யை நடத்தும் காலேஜ் போர்டின் ஸ்கோர் சாய்ஸ் வசதியில் எந்தத் தேதி மதிப்பெண்ணை அனுப்புவது என்றுதான் தேர்ந்தெடுக்கலாம். பிரிவைத் தனியாகப் பிரித்து அனுப்ப முடியாது. அந்த 690-ம் கூடவே போகும். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் போன்ற இடங்கள் எழுதிய எல்லாத் தேர்வுகளின் மதிப்பெண்ணையும் கேட்கும்.

ஒரே நாள் மதிப்பெண் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. சில மாநிலப் பல்கலைக்கழகங்கள் பிரிவுகளைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. சில மெரிட் உதவித்தொகைகளும் அப்படித்தான். நேஷனல் மெரிட் உதவித்தொகைப் போட்டி பதினோராம் வகுப்பில் எழுதும் பி.எஸ்.ஏ.டி. என்ற முன்னோட்டத் தேர்வை வைத்து நடப்பதால், அங்கே சேர்க்க எதுவுமே இல்லை. எம்.ஐ.டி. சூப்பர்ஸ்கோர் பார்க்கும். கலிபோர்னியா பல்கலைக்கழகமோ சேர்க்கைக்கு இந்த மதிப்பெண்ணையே பார்ப்பதில்லை. முதலில் கல்லூரிப் பட்டியலைப் போடுங்கள், அப்புறம் வழியை முடிவு செய்யலாம்.

எஸ்.ஏ.டி.க்கு மாற்றாக எழுதும் ஏ.சி.டி. தேர்வில் எங்களுக்கு நேரடி அனுபவம் இல்லை. அங்கே பிரிவுகளின் சராசரிதான் மொத்த மதிப்பெண் என்பதால், ஒரு பிரிவில் ஏறியது வகுபட்டுத்தான் வந்து சேரும். எஸ்.ஏ.டி.யில் ஏறியது அப்படியே கூடும். ஒரு பிரிவில் மட்டும் பின்தங்கும் பிள்ளைக்கு நான் எஸ்.ஏ.டி.யையே சொல்வேன். முதல் தேர்வை மார்ச்சில் எழுதி, இரண்டாவதை ஆகஸ்டில் வைத்துக்கொண்டால், நவம்பர் 1 எர்லி (முன்கூட்டிய) விண்ணப்பக் கெடுவுக்கு முன் அக்டோபரில் இன்னொரு வாய்ப்பு கையில் இருக்கும்.