ஃபைவ் ஸ்டார் ஹீட்டர்: இரண்டு மார்கழி கழிந்த பிறகு

கோவை வடவள்ளியில் எங்கள் வீட்டுக்கு இந்த ஹீட்டர் வந்து இரண்டு மார்கழி கழிந்துவிட்டது. 15 லிட்டர், 2000 வாட், ஃபைவ் ஸ்டார். நாலு பேர் குளிக்கிறோம். அத்தைக்கு விடிகாலை ஐந்து மணிக்கே சுடுதண்ணி வேண்டும்.

பழைய ஹீட்டரைக் கழற்றும் முன், பிளக்கில் செருகும் யூனிட் மீட்டரை மாட்டி, ஊருக்குப் போன ஒரு நாள் வேண்டுமென்றே ஆனில் விட்டுப் பார்த்தேன். யாரும் குழாயைத் திறக்காமலேயே ஒரு யூனிட் ஓடியிருந்தது. புதியதில் அதே சோதனைக்கு 0.4 யூனிட்கூட ஆகவில்லை. ஸ்டார் கொடுப்பதே இந்தக் கணக்கை வைத்துத்தான், அதாவது காய்ந்த தண்ணி சும்மா இருக்கும்போது எவ்வளவு சூடு கசிகிறது என்பது. மற்றபடி 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக எந்த ஹீட்டருக்கும் 0.6 யூனிட் வேண்டும். கடையில் இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

மாட்ட வந்த தம்பி மேல் எனக்கு வருத்தம் உண்டு. அடியில் இருக்கும், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழை 75 டிகிரியில் வைத்துவிட்டு, "நாள் முழுக்க ஆன்லயே விடலாங்க்கா, அதுவா கட் ஆயிடும்" என்று சொல்லிப் போனார். கட் ஆவது சரி. சூடு இறங்க இறங்கத் திரும்ப ஓடுமே! அன்றே 55க்கு இறக்கினேன். இப்போது 4:40க்குப் போட்டு, கடைசி ஆள் உள்ளே போனதும் அணைத்துவிடுகிறோம்.

ஹீட்டரைவிட எனக்கு ஆச்சரியம் தந்தது குழாய்தான். மாடியில் இருக்கும் இன்னொரு குளியலறைக்கு இருபது அடி பைப் போகிறது. திறந்தால் முதலில் ஒன்றரை லிட்டர் பச்சைத்தண்ணிதான் வரும், வாளியில் பிடித்து அளந்தேன். ஒருவர் குளித்து அடுத்தவர் வருவதற்குள் பைப்பில் நின்ற சுடுதண்ணி ஆறிப்போகும், அதையும் கொட்ட வேண்டியதுதான். ஏசி மெக்கானிக் செம்புக் குழாய்க்குப் போடுவாரே, அந்தக் கறுப்பு ஃபோம் உறையை வாங்கி நானும் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றினோம். இப்போது அடுத்தடுத்துக் குளித்தால் இரண்டாவது ஆளுக்கு உடனே சுடுதண்ணி வருகிறது. முந்நூற்றைம்பது ரூபாய்க்கு இதைவிட நல்ல செலவு இந்த வீட்டில் நான் செய்ததில்லை.

அப்புறம் உப்பு. குடிக்கத்தான் சிறுவாணி. மேல்தொட்டியில் ஏறுவது போர் தண்ணி. பழைய ஹீட்டரைத் திறந்தபோது, உள்ளே தண்ணியைச் சூடாக்கும் காயில் (coil) மேல் அப்பளக் கனத்துக்கு வெள்ளையாகப் படிந்திருந்தது, தட்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. உப்பு படிந்தால் கரண்ட் பயங்கரமாக ஏறும் என்பார்கள். அது அவ்வளவு சரியில்லை, காயில் தண்ணிக்குள்ளேயே இருப்பதால் அதன் சூடு வேறெங்கும் போவதில்லை. ஆனால் தண்ணிக்குச் சூடு சரியாக இறங்காமல் காயில் உள்ளுக்குள் கொதித்துக் கருகிவிடும். தொட்டி அரிக்காமல் இருக்கப் போட்டிருக்கும் மெக்னீசியம் ராடும் கம்பி மாதிரி மெலிந்து போயிருந்தது. புதிய ஹீட்டரின் தொட்டிக்கு ஏழு வருட வாரன்டி. ஆனால் ராடு நம் செலவு என்று கார்டில் பொடி எழுத்தில் இருக்கிறது, வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்கழி, தை மாத பில் முன்பு 520 யூனிட்டைத் தொடும். இந்த முறை 455. தமிழ்நாட்டில் 500ஐத் தாண்டினால் ரேட்டே மாறும் என்பதால் எங்களுக்கு இது பெரிய விஷயம். நாலு பேர் வரிசையாகக் குளிக்கும் வீட்டுக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால் உங்கள் பாத்ரூம் பைப் நீளமாக இருந்தால் உறைக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள்.

ராடு மாற்ற வேண்டியது ஆனி மாதம். ஹீட்டரின் வயிற்றிலேயே தேதி எழுதி ஒட்டிவிட்டேன்.