முன்கண்ணாடி மாற்றிய பிறகு காருக்குள் தண்ணீர்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் கவனத்துக்கு

காரின் முன்கண்ணாடியை மாற்றிய பிறகு உள்ளே தண்ணீர் வந்தால், "மேலாப்ல கொஞ்சம் சிலிகான் பூசிடறோம்" என்று கடையில் சொல்வார்கள். பூச விடாதீர்கள். கண்ணாடியைக் கழற்றி மறுபடி ஒட்டித் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வேறு இடம் பாருங்கள். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு, மீதியெல்லாம் எனக்கு நடந்த கதை.

தவளக்குப்பம் அருகே முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்து வந்து அடித்தது. திருவக்கரைக் குவாரிப் பக்கமிருந்து வரும் லாரிகள் தார்ப்பாய் போடாமல் ஓடுவதைப் பற்றி எழுதினால் அது தனிப் பதிவாகிவிடும், விடுங்கள். வீட்டுக்கு வருவதற்குள் விரிசல் ஓரம் வரை ஓடிவிட்டது. மாற்றித்தான் ஆகவேண்டும்.

புதுச்சேரியில் பெரிய சாலையில் உள்ள ஒரு கார் கண்ணாடிக் கடைக்குப் போனேன். விவகாரம் இன்னும் முடியவில்லை, அதனால் பெயர் போடவில்லை. "இன்சூரன்ஸ்ல போட்டா என்சிபி போயிடும் மேடம். கையில குடுத்துட்டுப் போங்க, குறைச்சுப் போட்டுத் தரேன்" என்றார் உரிமையாளர். என்சிபி என்பது கிளெய்ம் செய்யாத வருடங்களுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. 7,500 ரூபாய். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் தாளில் கடை முத்திரை குத்திக் கொடுத்தார். பணத்தை ஜிபேயில் அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் வண்டி தயார் என்றார்கள்.

கிளெய்ம் செய்தால் என்சிபி போகும் என்பது பொதுவாக உண்மைதான். அவர் சொல்லாத மறுபாதி ஒன்று இருக்கிறது. முழு இன்சூரன்ஸ் எடுத்த வண்டியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். கண்ணாடிக்கு அந்தக் கழிவே கிடையாது. 1500 சிசி வரையுள்ள கார் என்றால் நம் கையிலிருந்து கட்டாயமாகப் போவது 1,000 ரூபாய். எது லாபம் என்று கணக்குப் போட வேண்டியது நாம்தான்.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்தது. நம் ஊர் ஐப்பசி, கார்த்திகையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒருநாள் காலை செம்மண்டலத்தில் வீட்டு வாசலில் நின்ற வண்டியின் கதவைத் திறந்தால் ஈரச்சாக்கு நாற்றம். இடதுபக்கக் கால்மேட்டைத் தூக்கினேன். அடியில் கார்பெட்டைக் கையால் அழுத்தினால் தண்ணீர் ஊறி மேலே வந்தது.

கடைக்குப் போன் செய்தால் முதலில் ஏசி தண்ணீர் என்றார்கள். பிறகு கதவு பீடிங், அதாவது கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை, போயிருக்கும் என்றார்கள். நேரில் போனதும், வைப்பர் அடியில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கில் இலை அடைத்திருக்கும் என்றார்கள். இந்த மூன்றாலும் தண்ணீர் வரலாம் என்பது நிஜம். அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. ஆனால் கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. ஏசியின் வடிகால் குழாய் அடைத்திருந்தால் மழையே இல்லாவிட்டாலும், ஏசி போட்டு ஓட்டினாலே கால்பக்கம் நனையும். கதவு பீடிங் என்றால் படியோரம் ஈரமாக இருக்கும். கண்ணாடி ஓரத்தில் கசிந்தால் கூரைத் துணியின் முன்விளிம்பிலோ, கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண் கவரிலோ கறை தெரியும். என் வண்டியில் கூரைத் துணியின் இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை.

ஓஸ் பிடித்தும் பார்க்கலாம். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார வேண்டும், இன்னொருவர் வெளியே மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். கண்ணாடியின் கீழ்விளிம்பில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகவேண்டும். எடுத்த எடுப்பில் மேலே விட்டால் தண்ணீர் எல்லாப் பக்கமும் வழிந்து, ஓட்டை எங்கே என்று தெரியாமல் போய்விடும். என் மகள் உள்ளே உட்கார்ந்தாள். இடது மேல்மூலைக்குத் தண்ணீர் போனதும், "அம்மா, சொட்டுது!" என்றாள். வீடியோவும் எடுத்து வைத்தோம்.

வீடியோவைக் காட்டியதும் உரிமையாளர், "வீட்ல சாரை வரச் சொல்லுங்க மேடம், அவர்கிட்ட பேசிக்கறேன்" என்றார். வண்டி என் பெயரில், பணம் என் கணக்கிலிருந்து. என்னிடம்தான் பேசவேண்டும் என்றேன். உடனே புதுக் காரணம் வந்தது: "மழைக்காலம் பாருங்க, ஒட்டு காயல. நாலு நாள் வெயில் அடிச்சா சரியாயிடும்."

இதைக் கேட்டால் சிரித்துவிடுங்கள். கண்ணாடி ஒட்டப் பயன்படும் பாலியூரித்தேன் பசை, காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும். ஒட்டும்போது பரப்பு உலர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். காற்றில் ஈரம் இருப்பது அதற்குக் கெடுதல் இல்லை.

கடைசியில் ஒரு பையன் ட்யூபோடு வந்து கண்ணாடி ஓரமெங்கும் பூசிவிட்டான். வினிகர் நெடி அடித்தது. அது மீன்தொட்டிக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் போடுகிற சிலிகான். இறுகும்போது அசிட்டிக் அமிலம் விடும், அதனால்தான் அந்த வாடை. தகரத்தில் கீறல் இருந்தால் துரு பிடிக்க அதுவே போதும். இதற்கு 600 ரூபாய் தனியாகக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. அடுத்த மழையில் அதே மூலையில் அதே சொட்டு.

அதன் பிறகு கடலூரிலேயே விசாரித்து வேறொருவரிடம் விட்டேன். கம்பி போட்டுப் பசையை அறுத்துக் கண்ணாடியை உடையாமல் எடுத்தார். "இங்க வந்து பாருங்கக்கா" என்று கூப்பிட்டுக் காட்டினார். பழைய பசையைச் சீராகச் சீவாமல் மேடுபள்ளமாக விட்டு, அதன் தூசியைக்கூடத் துடைக்காமல், மேலேயே புதுப் பசையை இழுத்திருந்தார்கள். ஆரம்பித்த இடமும் முடித்த இடமும் இடது மூலையில் சந்திக்கவே இல்லை. நடுவில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. வெளியே பூசிய சிலிகான் அந்த இடைவெளிக்கு முன்னால் தோலாக நின்று, ஓரம் பெயர்ந்து கிடந்தது. கத்தி பட்டு பெயின்ட் போன இடங்களில் செம்பழுப்பாகத் துரு. அவர் நகத்தால் சுரண்டினார், பொடியாக உதிர்ந்தது. கடல்காற்று அடிக்கிற ஊரில் திறந்த தகரத்தை அப்படியே விட்டு மூடியிருக்கிறார்கள்.

துருவைத் தேய்த்து எடுத்து பிரைமர் அடித்துக் காயவிட்டார். பழைய பசையை ஓரிரு மில்லிமீட்டர் மெல்லிய படலமாக மட்டும் விட்டுச் சீவினார். கண்ணாடியின் கறுப்பு ஓரத்தையும் துடைத்து அதற்கான பிரைமர் போட்டார். நுனியில் 'வி' வடிவ வெட்டு வைத்த நாசில் வழியாகப் பசை முக்கோணமாக, ஒரே உயரத்தில், எங்கும் அறுபடாமல் சுற்றி வந்தது. பசை ட்யூபில் போட்டிருந்த நேரம் முடியும்வரை வண்டியை எடுக்க விடவில்லை. ஒரு பக்கக் கண்ணாடியைச் சற்று இறக்கி வைக்கச் சொன்னார். எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அறைந்து சாத்தினால் உள்காற்று புதுப் பசையைத் தள்ளும் என்றார்.

தண்ணீர் ஒழுகுவது இதில் சின்னப் பிரச்சினைதான். பல கார்களில் பயணி பக்க ஏர்பேக் மேல்நோக்கி விரிந்து முன்கண்ணாடியில் மோதித்தான் பயணி பக்கம் திரும்பும். வண்டி உருண்டால் கூரையைத் தாங்குவதிலும் அந்தக் கண்ணாடிக்குப் பங்கு உண்டு. ஒட்டு சரியில்லை என்றால் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போகும். இடது சீட்டில் உட்காருவது என் மகள். 7,500 ரூபாயைவிட எனக்குக் கோபம் வந்தது அதற்குத்தான்.

இன்னொன்று, பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டேகும் குப்பைக்குப் போய்விட்டது. மொரட்டாண்டி சுங்கச்சாவடியில் நின்றபோதுதான் தெரிந்தது, பணமாக இரட்டைக் கட்டணம் கட்டினேன். கண்ணாடியை மாற்றினால் டேக் கொடுத்த வங்கியில் மாற்று டேக் கேளுங்கள். கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

புகார் விஷயம். கடை புதுச்சேரியில், நான் தமிழ்நாட்டில், எங்கே போய் அலைவது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். எனக்குக் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் புகார் பதியலாம். எஸ்டிமேட் தாள், ஜிபே ரசீது, ஓஸ் வீடியோ, கழற்றியபோது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் இணைத்துக் கடைக்கு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்பினேன்.

கடிதம் சேர்ந்ததும் போன் வந்தது. பாதிப் பணம் தருகிறாராம், புகாரை விட்டுவிட வேண்டுமாம். இரண்டாவது முறை ஒட்டியதற்கு ஆன செலவையும் சேர்த்து முழுதாகக் கேட்டிருக்கிறேன். இந்த மாதக் கடைசி வரை பார்ப்பேன், வராவிட்டால் மனு தயாராக இருக்கிறது.