560 ரூபாய் கேமரா போர்டு பந்தைப் பார்த்துத் திரும்புமா?

லாசுப்பேட்டையில் இருக்கும் அக்கா மகன், ஒன்பதாம் வகுப்பு, பள்ளிக் கண்காட்சிக்கு "பந்தைக் காட்டினா கேமரா தானா திரும்பணும் மாமா" என்று வந்து நின்றான். வீட்டில் ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்டு ஒன்று கிடந்தது, ஆனால் அதன் நினைவகம் 2 கிலோபைட்தான்; 160க்கு 120 என்ற பொடிப் படமே, புள்ளிக்கு இரண்டு பைட் வீதம், 38,400 பைட் கேட்கும். நிறத்தைத் தானே கண்டுபிடிக்கிற பிக்ஸி2 கேமரா வாங்கினால் வேலை சுலபம், பட்டனை அழுத்தி நிறத்தைப் பழக்கிவிட்டால் பந்து எங்கே என்று நொடிக்கு 60 முறை அதுவே சொல்லிவிடும், செர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் குட்டி மோட்டார்) மாட்டவும் அதிலேயே இடம் உண்டு. விலையைப் பார்த்ததும் அந்தப் பேச்சை விட்டோம். கடைசியில் புதுச்சேரியில் ஒரு கடையில் கேமராவோடு வரும் ஈஎஸ்பி32-கேம் போர்டு 560 ரூபாய்க்கும், எஸ்ஜி90 செர்வோ ஒன்று 110க்கும் வாங்கினேன்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். இந்த போர்டில் யூஎஸ்பி வாய் கிடையாது. கம்ப்யூட்டரிலிருந்து கோடு ஏற்ற அடியில் மாட்டுகிற புரோகிராமர் பலகையையும் சேர்த்தே வாங்குங்கள், நான் சிக்கனம் பார்த்து அதை விட்டுவிட்டு, ஒவ்வொரு தடவை கோடு ஏற்றவும் ஜிபிஐஓ 0 என்ற பின்னை கிரவுண்டோடு ஒயர் போட்டு, ரீசெட் தட்டி, ஒயரைப் பிடுங்கி, மறுபடி ரீசெட் தட்டி... இரண்டே ராத்திரி, மூன்றாம் நாள் அதே கடைக்குப் போய் வாங்கி வந்தேன்.

அப்புறம் கரண்ட். "போன் சார்ஜரே போதும் சார்" என்றார் கடைக்காரர். போர்டுக்கு மட்டும் என்றால் போதும்தான். செர்வோ சட்டென்று திரும்பும்போதும் எங்காவது முட்டி நிற்கும்போதும் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அந்த நொடியில் வோல்டேஜ் விழுந்து போர்டு ரீஸ்டார்ட் ஆகும், கம்ப்யூட்டர் திரையில் பிரவுன்அவுட் என்று வரும். வோல்டேஜ் விழுந்தால் ரீஸ்டார்ட் செய்கிற அந்தக் காவலையே கோடில் அணைத்துவிடச் சொல்கிறவர்கள் உண்டு; காய்ச்சல் குறையத் தெர்மாமீட்டரை உடைக்கிற கதை அது. செர்வோவுக்குத் தனியாக 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர், இரண்டுக்கும் கிரவுண்ட் ஒன்றாக, செர்வோவின் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

கேமரா தனியாக ஓடுகிறது, செர்வோ தனியாக ஓடுகிறது, சேர்த்தால் கேமரா செத்துப்போகிறது என்றால் போர்டு டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள் (நான் கிளம்பிவிட்டேன், மழை வந்து காப்பாற்றியது). கேமராவுக்குக் கடிகாரத் துடிப்பு கொடுப்பது பொதுவாக பிடபிள்யூஎம் (செர்வோவையும் ஓட்டுகிற துடிப்பு சிக்னல்) பகுதியின் டைமர் 0. செர்வோ கோடும் அதையே போய்ப் பிடித்தால் இரண்டும் கெடும். செர்வோவை வேறு டைமரில் ஓடும் சேனல் 2-க்குத் தள்ளினேன், சமாதானம் ஆயிற்று. சிக்னல் ஒயரை ஜிபிஐஓ 14-இல் கொடுத்தேன். மெமரி கார்டு போட்டால் அந்தப் பின் கிடைக்காது, எங்களுக்குக் கார்டு தேவைப்படவில்லை. 12 பக்கம் மட்டும் போகாதீர்கள், ஆன் ஆகும்போது அது ஹையில் இருந்தால் போர்டே எழுந்திருக்காது.

இனி நிறம். பையன் சிவப்புப் பந்துதான் வேண்டும் என்று அடம். சிவப்பில் இரண்டு சிக்கல். நிற வட்டத்தில் அது 0 டிகிரிக்கும் 360க்கும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும், ஒரே எல்லை வைத்துத் தேடினால் பாதிப் பந்து காணாமல் போகும். அதையாவது கோடில் சரிக்கட்டலாம், மனிதத் தோலும் ஏறக்குறைய அந்தப் பக்கமே வருவதால் கேமரா பந்தை விட்டு அதைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்தது. "பீச் ரோட்டுக்கு எடுத்துட்டுப் போனா போலீஸோட சிவப்புத் தொப்பி பின்னாடியே திரும்பும் மாமா" என்று சிரித்தான். கிளிப்பச்சைப் பந்துக்கு மாறினோம்.

போர்டில் இருக்கும் ஓவி2640 கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை அணைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பந்து பெரிதாகத் தெரிந்ததும் அது தானாக நிறத்தைத் திருத்தப் பார்க்கும், நாம் கோடில் வைத்த பச்சை வேறு பச்சை ஆகிவிடும். ஆர்ஜிபி565 என்ற இந்தப் பட வடிவத்தில் ஒரு புள்ளியின் இரண்டு பைட்டில் பெரிய இலக்கப் பைட் முதலில் வரும், அதை மாற்றிப் படித்து ஒரு மாலை முழுக்க நீலமும் பச்சையும் குழம்பிக் கிடந்தேன்.

திருப்புகிற கணக்கு சின்னதுதான். பச்சைப் புள்ளிகளின் சராசரி இடம், படத்தின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதில் ஒரு சிறு பங்கு கோணத்தைக் கூட்டு. முதல் முறை கூட்டல் கழித்தல் குறியை மாற்றிப் போட்டதில் பந்தைக் கண்டதும் கோபித்துக்கொண்ட மாமியார் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. நடுவில் எட்டு புள்ளி அளவு அசையாத இடம் விட்ட பிறகுதான் செர்வோவின் நடுக்கமும் நின்றது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று யூஎஸ்பிக்காக.

கண்காட்சி அன்று மைதானத்தில் சிவப்பும் மஞ்சளுமாகச் சாமியானா. அதன் கீழே கேமராவுக்குப் பச்சை என்று ஒன்றே தெரியவில்லை. மேஜையைத் தூக்கி வராண்டாவில் போட்டோம், ஓடியது, கூட்டமும் சேர்ந்தது. பச்சை ரிப்பன் கட்டிய ஒரு குட்டிப்பெண் பக்கத்தில் வந்து நின்றாள். எங்கள் கோடு சராசரி பார்க்கிற கோடு ஆயிற்றே, பந்துக்கும் ரிப்பனுக்கும் நடுவே வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றது.